குட்டி யாருக்கு என்று எழுதிவைத்தவர்

அன்று காலை நான் முதலில் செய்தது, சப்பாத்துகளுக்குள் திணித்து வைத்திருந்த பத்திரிகைத் தாள்களை வெளியே இழுத்தது. முதல் நாள் பிறம்ரனுக்கு அப்பால் ஒரு குதிரை லாயத்துக்குப் போய், உருகிய பனிச்சேற்றில் கணுக்கால்வரை நனைந்து வந்திருந்தேன். இடது சப்பாத்து காய்ந்திருந்தது. வலது சப்பாத்துக்குள் கையை விட்டபோது தொலைபேசி அடித்தது.

“தங்கச்சி, சிவபாலன் கதைக்கிறன். அக்கா விடியக் காலமை போயிட்டா.”

“ஓம்” என்றேன்.

“உங்கடை கந்தோருக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அந்தப் பெரியவரோட இதை இங்கிலிசிலை கதைக்க எனக்கு இப்ப ஏலாது.”

அலுவலகத்துக்கு நான்தான் சொன்னேன். பெரியவர் என்பது எங்கள் சட்டத்தரணி, எழுபது வயது. செய்தியைக் கேட்டதும், “இனிக் குதிரைகளை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவர் கேட்டது தன் கட்சிக்காரரை எண்ணி அல்ல என்பதும், அவருடைய துக்கம் அந்த உருவத்தில்தான் வெளிவரும் என்பதும் எனக்குத் தெரியும்.

புவனேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசாக இருந்தவர். ரொறன்ரோவில் கடைசி நான்கு வருடங்கள் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில், குதிரை வைத்திருப்போருடைய பத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தார். கோயிலிலும் தமிழ்க் கடையிலும் அவரைக் கண்டவர்களுக்கு அவர் சிவபாலன் அண்ணையின் தமக்கை, அதிகம் பேசாதவர், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவர். அவருடைய வேலையைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. முப்பத்தோராம் நாளுக்கு வெளியிடும் இந்த நினைவு மலரில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி சிவபாலன் அண்ணை என்னிடம் கேட்டார்.

இரண்டு பக்கத்தில் என்னால் நிறுத்த முடியவில்லை. காரணம் இருக்கிறது. அக்கா இறந்து ஐந்தாம் நாள், எங்கள் கோப்பு ஒன்றில் சட்டத்தரணி தன் கையால் ஒரு குறிப்பு எழுதினார். ஒரு குத்தகைப் பத்திரத்தில் முக்கியமான வரி ஒன்று விடுபட்டுவிட்டது, அதைத் தயாரித்தவர் அப்போது கடும் நோயில் இருந்தார் என்பது குறிப்பின் சாரம். இரக்கத்தோடுதான் எழுதினார். ஆனால் அது உண்மையல்ல. அந்த வரியை விட்டது புவனேஸ்வரி அக்கா அல்ல. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, இங்கே வீடு வாசலும் இல்லை. அவர் விட்டுச்சென்றது அந்தக் கோப்புகளும் அவற்றில் அவருக்கிருந்த பெயரும்தான். அந்தப் பெயரில் ஒரு பிழை ஏறியிருக்கும்போது அவரைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

அவர் 1983 கலவரத்துக்குப் பிறகு தம்பியிடம் வந்து சேர்ந்தவர். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய தகுதிக்கு இங்கே ஒரு பெறுமதியும் இல்லை என்று எல்லா இடத்திலும் சொன்னார்கள். கடைசியில் எங்கள் சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலைக்குப் போயிருக்கிறார். அவர் ஒரு குதிரை விற்பனைப் பத்திரத்தைக் கொடுத்து, பார்த்து அடிக்கச் சொன்னாராம். அரை மணித்தியாலம் கழித்து வந்து பார்த்தால் தாள் வெறுமையாக இருந்தது.

“உங்களுக்குத் தட்டச்சு வராதா?”

“வரும். ஆனால் இதில் குதிரை யாருக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறது. எந்தக் குதிரை என்று எழுதவில்லை. பழுப்புக் குதிரை என்றால் ஒன்டாரியோவில் எத்தனை இருக்கும்?”

இதைப் பெரியவரே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். முப்பது வருடமாகத் தான் அப்படித்தான் எழுதிவந்ததாகவும், அன்றுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை என்றும் சொல்வார். அக்காவுக்கு அடுத்த நாளே வேலை கிடைத்தது.

நான் 1985 இலையுதிர்காலத்தில் அங்கே சேர்ந்தேன். பேராதனையில் பட்டம் பெற்று, அரச கச்சேரி அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். குதிரையைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். முதல் நாள் அக்கா என்னைத் தன் மேசைக்கு எதிரே இருத்தி, நான் பயந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, உம்மடை ஊரிலை காணி உறுதி பாத்திருப்பீர்தானே. கிழக்கு ஆரின்ரை காணி, வடக்கு ஒழுங்கை, அதுக்குள்ளை நிக்கிற பனை வடலி, கிணத்திலை பங்கு. அவ்வளவும்தான் இது. குதிரைக்கு எல்லை நாலு கால். மிச்சம் எல்லாம் ஒண்டுதான்.”

“காணி கடிக்காது அக்கா.”

“அதுக்குத்தான் நான் கிட்டப் போறேல்லை.”

அது உண்மை. குதிரைகளைப் பற்றி அவ்வளவு எழுதியவர் ஒரு குதிரையையும் தொட்டதில்லை. மிகவும் பயம். லாயத்துக்குப் போனால் பத்தடி தள்ளி நின்று, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பார்த்து எழுதுவார். எந்தக் காலில் வெள்ளை, அது குளம்பிலிருந்து எவ்வளவு உயரம், நெற்றியில் வெள்ளைப் புள்ளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி. குதிரையின் மயிர் சுழித்து நிற்கும் இடங்கள் ஒவ்வொன்றிலும் வேறுபடும் என்பதை அவர் ஒரு புத்தகத்திலும் படிக்கவில்லை. அவருடைய தகப்பனார் மாடு வாங்கும்போது சுழி பார்ப்பவராம்.

“ஐயா பாத்தது ராசி. நான் பாக்கிறது ஆள் ஆரெண்டு” என்பார்.

நான் சேர்ந்த அடுத்த வருடம் அந்தச் சுழி ஒரு வழக்கைத் தீர்த்தது. வழக்கென்று சொல்வதும் பிழை, நீதிமன்றம்வரை போகவேயில்லை. ஒரு மருத்துவத் தாதி, பல வருடம் சேமித்து, முதல் முதலாகத் தனக்கென்று ஒரு குதிரை வாங்கினார். அதை அக்கா பார்த்து எழுதிக்கொடுத்து மூன்று வாரத்தின் பின் விற்றவர் குதிரையைக் கொண்டுவந்து இறக்கினார். அதே பழுப்பு, அதே நெற்றிப் புள்ளி, பின்னங்காலில் அதே வெள்ளை. தாதிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இது நான் தடவிப்பார்த்த குதிரையல்ல என்று அழுதபடி எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். விற்றவர் அவருடைய மனப்பிரமை என்றார்.

நாங்கள் இருவரும் பஸ் ஏறிப் போனோம். அக்கா வழக்கமான தூரத்தில் நின்றுகொண்டார்.

“நீர் கிட்டப் போம். கழுத்திலை சுழி எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம் அக்கா.”

“வடிவாப் பாத்துச் சொல்லும். அதின்ரை இடப்பக்கமோ, உம்மடை இடப்பக்கமோ?”

நான் ஒருமுறை குதிரை நிற்கும் திசையில் திரும்பி நின்று பார்த்தேன். லாயக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

“அதின்ரை இடப்பக்கம்தான்.”

“அப்ப உது அந்தக் குதிரை இல்லை” என்று தமிழில் சொல்லிவிட்டு, பத்திரத்தை விற்றவரிடம் நீட்டி, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். வலக் கழுத்தில், பிடரிமயிருக்கு ஒரு சாண் கீழே ஒற்றைச் சுழி என்று இருந்தது. அந்த மனிதர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு குதிரையை மீண்டும் வண்டியில் ஏற்றினார். உரிய குதிரை இரண்டு நாளில் வந்துசேர்ந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரைப் பாராட்டினேன். “அதை விடும். நேற்று அடிச்ச கடிதத்திலை ஒரு கொமா விட்டிட்டீர்” என்றார். அவரிடம் பாராட்டு வாங்குவது கடினம். என்னை ஒரே பக்கத்தை நான்கு முறை அடிக்க வைத்த நாட்களில் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அலுவலகக் கோப்பியைத் தொடமாட்டார், மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்து முகம் சுளிப்பதையும் மறைக்கமாட்டார். பிடிவாதக்காரர். அதையும் எழுதாவிட்டால் இது வேறு யாரோ ஒருவரைப் பற்றியதாகிவிடும்.

அவர் விட்ட பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். அவரை நான் சரியாக அறிந்துகொண்டது அதில்தான்.

பார்க்டேலில் ஒரே அறையில் இருந்த நான்கு பேர், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர்கள், சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வாங்கத் தீர்மானித்தார்கள். வண்டி இழுத்து ஓடும் வகை. நான்கு பேரும் வேலை முடிந்த கையோடு, வெங்காய மணத்தோடு வந்து வரிசையாக இருந்தார்கள். பேச்சாளர் ராசன் என்பவர்.

“நாலு பேருக்கும் சரி பங்கு, அக்கா.”

“ஆளுக்கு ஒரு காலோ?”

“பகிடி விடாதையுங்கோ. ஒருத்தன் மற்றவனுக்குத் தெரியாமல் ஒண்டும் செய்யக்கூடாது. விக்கக்கூடாது, மாத்தக்கூடாது, ஒரு ஊசி போடுறதெண்டாலும் நாலு பேரும் ஓம் எண்டோணும்.”

“ஏன், உங்களுக்குள்ளை நம்பிக்கை இல்லையோ?”

“நம்பிக்கை இருக்கு. அதை எழுதித் தாங்கோ எண்டுதான் வந்தனாங்கள்.”

அக்கா சிரித்தார். அப்படிப்பட்ட பத்திரம் அவருக்குக் கைவந்தது. ஊரில் பிரிக்காத காணிக்கும் பொதுக் கிணற்றுக்கும் வாழ்நாள் முழுவதும் எழுதியவர். பங்காளர் எல்லாரும் ஒப்பமிட்டாலன்றி ஒன்றும் செய்யக்கூடாது என்பது அங்கே பாதுகாப்பு. அதையே ஆங்கிலத்தில், அழகாக, ஓட்டை இல்லாமல் எழுதினார். நால்வரும் ஒப்பமிட்டாலன்றி விற்கவோ, இடம் மாற்றவோ, சத்திரசிகிச்சை செய்யவோ கூடாது. ஒரு பிரதி லாயக்காரரிடம் கொடுக்கப்பட்டது.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்தக் குதிரைக்குக் குடல் முறுகிவிட்டது. உடனே வயிற்றை வெட்டினால் தப்பலாம் என்று மிருக வைத்தியர் சொன்னார். லாயக்காரர் நேர்மையான மனிதர். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பேரையும் தேடினார். மூவர் சமையலறையிலிருந்து உடனே சம்மதம் சொன்னார்கள். நான்காவது ஆளான தயாளனுக்கு அன்றுதான் அகதி விசாரணை. நகரத்தில் பூட்டிய அறைக்குள் இருந்தார். மூன்று மணிக்கு அவர் வெளியே வந்தபோது, இனி வெட்டிப் பயனில்லை என்று வைத்தியர் குதிரையை ஊசி போட்டு நிரந்தரமாக உறங்கவைத்துவிட்டிருந்தார்.

பெரியவர் எங்களைக் கூப்பிட்டு, பத்திரத்தில் பிழை இருப்பதாக யாரிடமும் சொல்லவேண்டாம் என்றார். அவர்கள் கேட்டபடியே எழுதப்பட்டது. பிழை என்று நாமே சொன்னால் அலுவலகத்தின் மேல் வழக்கு வரலாம், அக்காவை வைத்திருக்க முடியாத நிலையும் வரலாம். சட்டப்படி அவர் சொன்னது சரி. அக்கா தலையாட்டினார். மாலை ஐந்து மணிக்கு மேலங்கியைப் போட்டுக்கொண்டு என்னிடம், “பார்க்டேலுக்கு எத்தினையாம் நம்பர் ட்ராம்?” என்று கேட்டார். தனியே விட மனமில்லாமல் நானும் போனேன்.

அந்த அறையில் நான்கு மெத்தைகளும் ஒரு கதிரையும் இருந்தன. கதிரையை அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. தயாளன் மூலையில், விசாரணைக்குப் போட்ட கழுத்துப்பட்டியைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

“உவன் காலமையிலையிருந்து சாப்பிடேல்லை. தன்னாலைதான் செத்தது எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறான்” என்றார் ராசன்.

“தம்பி, இஞ்சை பாரும்” என்றார் அக்கா. “நீர் அந்த விசாரணைக்குப் போகாமல் இருந்திருக்கேலாது. நீர் இல்லாத நேரம் ஆர் ஓம் எண்டு சொல்லுறது எண்டு நான் எழுதியிருக்கோணும். எழுதேல்லை. காணிக்கு எழுதுற மாதிரி எழுதிப்போட்டன். காணி கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு கிடக்கும். சீவன் கிடக்காது. அது எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்.”

“நாங்கள்தானே அக்கா அப்பிடி எழுதச் சொன்னனாங்கள்.”

“நீங்கள் பயத்திலை கேட்டனீங்கள். பயந்தவன் கேக்கிறதை அப்பிடியே எழுதுறதுக்கு என்னத்துக்கு ஒரு நொத்தாரிசு? பிழை என்ரை. நீங்கள் வழக்குப் போட விரும்பினால் போடுங்கோ. நான் இப்ப சொன்னதை அங்கையும் வந்து சொல்லுவன்.”

பிறகு தயாளன் எழுந்து தேநீர் போட்டார். அக்கா அன்று அவர் கையால் ஒரு பேணி நிறையத் தேநீர் வாங்கிக் குடித்தார்.

வழக்கு வரவில்லை. பெரியவருக்கு விஷயம் தெரியவந்தபோது இரண்டு நாள் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அக்கா பங்குப் பத்திரத்தின் புதிய மாதிரி ஒன்றை அவர் மேசையில் வைத்தார். முதல் பக்கத்திலேயே, ஆபத்து நேரத்தில் யார் தீர்மானிப்பது, அவர் இல்லாவிட்டால் அடுத்தது யார், அவரும் இல்லாவிட்டால் லாயக்காரரே வைத்தியருக்குச் சம்மதம் கொடுக்கலாம் என்றெல்லாம் இருந்தது. கடைசித் தாளில், பழைய மாதிரியில் எந்த வரி வெட்டப்பட்டது, ஏன் வெட்டப்பட்டது, எழுதியவர் யார் என்று தன் பெயரோடு எழுதியிருந்தார். எங்கள் ஊர் உறுதிகளின் அடியில் நொத்தாரிசு அப்படித்தான் அத்தாட்சி எழுதுவார், எந்தப் பக்கத்தில் எத்தனையாம் வரியில் என்ன சொல் வெட்டப்பட்டது என்று. வெட்டியதை மறைத்தால் உறுதி பழுது. பெரியவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றும் அந்த மாதிரிதான் எங்களிடம் பாவனையில் இருக்கிறது. அடுத்த கோடையில் ராசனும் தயாளனும் மட்டும் வந்து இன்னொரு குதிரைக்குக் கையெழுத்திட்டார்கள். மற்ற இருவருக்கும் குதிரை போதுமென்றாகிவிட்டது.

1987 புரட்டாதியில் அக்காவின் நோய் என்னவென்று தெரிந்தது. வேலைக்கு வர முடியாமல் போனபின் ரூஜில் தம்பியின் வீட்டிலிருந்தே எழுதினார். படுக்கையில் தலையணையை நிமிர்த்தி, முழங்காலில் பலகை வைத்து எழுதுவார். நான் பின்னேரம் போய்த் தாள்களை வாங்கிவந்து அடுத்த நாள் அடிப்பேன். தாளின் முன்பக்கத்தில் ஆங்கிலம், பின்பக்கத்தில் அவருடைய குறிப்புகள் தமிழில். அலுவலகத்திலும் அப்படித்தான் வைத்திருந்தோம். “முன்பக்கம் கட்சிக்காரருக்கு, பின்பக்கம் எங்களுக்கு” என்பார். ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்து, பின்னால் இருப்பதை முன்னால் சேர்த்து அடிப்பது என் வேலை.

அப்படி வந்ததுதான் அந்தக் குத்தகைப் பத்திரம். பிறம்ரன் பக்கம் வயதான விவசாயி ஒருவர், தன் பெட்டைக்குதிரையை ஒரு பள்ளி ஆசிரியைக்கு ஒன்றரை வருடம் குத்தகைக்கு விட்டார். குதிரை சினையாக இருந்தது. பொலிக்குதிரைக்கான செலவு ஆசிரியையுடையது. அவருக்கு வேண்டியது குட்டி. தானே வளர்த்துப் பழக்கவேண்டும் என்று ஆசை. குட்டி அவருக்கே என்று விவசாயியும், அக்கா வேலைக்கு வந்த கடைசி நாட்களில், எங்கள் அலுவலகத்தில் வாயால் ஒத்துக்கொண்டார். அதை எழுத்தில் வைக்காவிட்டால், குதிரை யாருடையதோ குட்டியும் அவருடையதென்று ஆகிவிடலாம்.

அந்தப் பத்திரத்தை நான் அடித்த நாளில் சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. என் கணவரும் மகளும் மூன்று வருடமாக அங்கே விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். நேர்முகத்தை மீண்டும் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று அவர் எழுதியிருந்தார். கடிதத்தைத் தட்டச்சு இயந்திரத்தின் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் அடித்தேன். மூன்றாம் தாளை நான் புரட்டவில்லை, அதன் பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காதென்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் அக்கா தொலைபேசியில் கேட்டார்: “பின்பக்கம் எல்லாம் பாத்தனீரோ?”

“ஓம் அக்கா.”

“சரி. அப்ப அனுப்பும்.”

அவர் என் சொல்லை நம்பி, திரும்ப வாசிக்காமலே விட்டார். அவருடைய வாழ்நாளில் அப்படி விட்ட பத்திரம் வேறொன்று இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

தை மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். கைகள் மெலிந்து போயிருந்தன. ஆனால் கேள்விகள் குறையவில்லை.

“அந்த ரீச்சரின்ரை குதிரை எப்பவாம் குட்டி போடும்?”

“மாசி முடியிறதுக்கிடையிலை எண்டு சொன்னவ.”

“பேர் வச்சிட்டாவோ?”

“மூண்டு பேர் எழுதி வச்சிருக்கிறாவாம்.”

“நல்லது. எனக்கு உதிலை யோசினை இல்லை. எல்லாம் எழுதியிருக்கு” என்று கண்ணை மூடிக்கொண்டார். நானும் எழுதியிருக்கிறதென்றே அன்று நம்பினேன். அவரோடு கடைசியாகக் கதைத்தது அதுதான்.

செத்தவீட்டுக்கு வந்த கூட்டத்தைக் கண்டு சிவபாலன் அண்ணைக்கு ஆச்சரியம். எங்கள் ஆட்களுக்கிடையே லாயக்காரர்கள், மிருக வைத்தியர், அந்தத் தாதி, ஆசிரியை எல்லாரும் பாரச் சப்பாத்துகளோடு வந்து வாசலில் தயங்கி நின்று, மற்றவர்களைப் பார்த்து, அவற்றைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். தேவாரம் முடியும்வரை பெரியவர் எழுந்தே நின்றார். தயாளன் என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்:

“இந்த நாட்டுக்கு வந்து எத்தினை கந்தோர் ஏறி இறங்கியிருப்பன் அக்கா. தன்ரை பிழை எண்டு சொன்ன ஒரே ஆள் இவதான்.”

அதற்கு மூன்றாம் நாள் குட்டி பிறந்தது. நெற்றியில் ஒரு வெள்ளைக் கீற்றோடு, பெட்டைக்குட்டி. ஆசிரியை மகிழ்ச்சியில் மூச்சு வாங்கியபடி தொலைபேசி எடுத்தார். அடுத்த நாள் விவசாயியும் எடுத்தார். பத்திரத்தை மகன் வாசித்துப் பார்த்தானாம், குட்டியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லையாம், ஆகவே அது தன்னுடையதுதான் என்றார். பெரியவர் கோப்பை எடுத்துவரச் சொன்னார். வரி இல்லை. “பாவம், அவர் எவ்வளவு நோயில் இருந்தார்” என்று சொல்லி அந்தக் குறிப்பை எழுதினார்.

எல்லாரும் போனபின் அக்காவின் கையெழுத்துப் பிரதியை எடுத்து மூன்றாம் தாளைப் புரட்டினேன். நடுங்கிய எழுத்து. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. “சினைக்குச் செலவு ரீச்சர். குட்டி பிறந்தால் ரீச்சருக்கு. கிழவரும் ஓம் எண்டவர், நான் கேட்டுக்கொண்டிருந்தனான். கட்டாயம் சேர்க்க.” அதன் கீழே திகதியும் போட்டிருந்தார்.

அந்த எழுத்தை அந்த அலுவலகத்தில் வாசிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். மூன்று வாரமாக அதை மடித்து அதே கோப்பில் வைத்திருக்கிறேன். இந்த மாத முடிவில், எனக்கு நிரந்தர வேலை உண்டென்று அலுவலகம் கொடுக்கும் கடிதத்தைச் சென்னைக்கு அனுப்பவேண்டும். அது இல்லாமல் என் கணவரின் விண்ணப்பம் நகராது. அதில் கையெழுத்திட வேண்டியவர் பெரியவர். மூன்று வாரமும் என் வாயை மூடிவைத்திருந்தது அந்தக் கடிதம்தான். வேறு காரணம் சொல்ல விரும்பவில்லை.

ஆசிரியை சனிக்கிழமை தோறும் பிறம்ரனுக்குப் போய், தன்னுடையதா இல்லையா என்று தெரியாத குட்டியை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறார். அக்காவைப் பற்றி அவர் இன்னும் ஒரு குறையும் சொல்லவில்லை. “அவர் எழுதியிருப்பார் என்று நினைத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

அக்கா, நீங்கள் எழுதினீர்கள். அமைதியாகப் போங்கள். எனக்கு நீங்கள் ஒன்றும் உபதேசிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்தீர்கள், அவ்வளவுதான். அதற்கே நான் நன்றி சொல்லித் தீராது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதி முடிக்கும்வரை ஒருவரிடமும், என் கணவருக்கு எழுதிய கடிதத்திலும், நான் இதைச் சொல்லவில்லை. இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லியிருப்பேன். நாளை எட்டரை மணிக்குப் பெரியவர் மேலங்கியைக் கழற்றுமுன் அந்த மூன்றாம் தாளைப் பின்பக்கம் மேலாக அவர் மேசையில் வைப்பேன். அதைத் தமிழில் வாசித்து, ஆங்கிலத்தில் சொல்லி, புரட்டாமல் அடித்தது நான், புரட்டினேன் என்று பொய் சொன்னதும் நான் என்று ஒரு சத்தியக்கடதாசியில் கையெழுத்திடுவேன். சென்னைக்கான கடிதத்தை அதற்குப் பிறகுதான் கேட்பேன்.